அரைப்பேர்

பதினோராம் பாடம். கரும்பலகையில் எழுதுகிறேன்:
ஓநாய் மாதிரி விழுங்குவது.
அவசரச் சாப்பாட்டுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர்.
பொகவந்தலாவையில் மூன்றாம் நாளாக மழை.
தகரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான்
ஓநாயை வகுப்புக்குள் இழுத்துவர வேண்டியிருக்கிறது.

"ஓநாய்னா நரியா டீச்சர்?"
"நரிக்குப் பெரியப்பன்."
"நம்ம மலையில இருக்கா?"
இல்லை. பனி விழும் நாட்டில் இருக்கிறது,
கூட்டமாய் வேட்டையாடும், கூட்டமாய்த் தின்னும்,
பக்கத்துப் பல் பறிக்குமுன்
தன் பங்கை உள்ளே தள்ளிவிடும்.
நாற்பத்தொரு பிள்ளைகளும் கொப்பியில் ஓநாய் என்று எழுதுகிறார்கள்.
லோஜினி அதற்கு வால் வரைகிறாள்.

கிஷோபன் கை தூக்காமலே எழும்புகிறான்.
"நம்ம சிறுத்த அப்படித் திங்காது டீச்சர்."

போன மாசம் ஏழாம் நம்பர் மலையில்
அவன் மாமா, ராக்காவல் மருதவீரன்,
டோர்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தாராம்.
டிஸ்பென்சரி நாயைக் கவ்விவந்து
சவுக்கு மரத்துக் கவட்டில் போட்டு
ஒரு வாய் கடித்ததாம்,
தலையைத் தூக்கி மலையைப் பார்த்ததாம்,
பாதத்தை நக்கியதாம்,
மறுபடி ஒரு வாய்.
விடியக்காலை நாலு மணிவரை அந்தச் சாப்பாடு.
மிச்சத்தை நாளைக்கு வைத்துவிட்டு
இறங்கிப் போனதாம், சொந்தத் தோட்டம் மாதிரி.

"அதுக்கு அரைப்பேர் போட ஆள் இல்லையே டீச்சர்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும்.

அரைப்பேருக்குப் பாடப்புத்தகத்தில் விளக்கம் கிடையாது.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
சங்கு ஊதி ஐந்து நிமிஷம் பிந்தி ஏறினால் அரைப்பேர்.
முழு நாள் நின்ற காலுக்கு அரை நாள் காசு.
அதனால் அம்மா நின்றுகொண்டே தின்றாள்,
இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்காமல்,
ரொட்டியை நாலாய் மடித்து இரண்டே கடி,
உள்ளங்கைச் சம்பலுக்கு ஒரு நக்கல்.
காலிலிருந்து அட்டையை உதறி முடிப்பதற்குள்
பகல் சாப்பாடு முடிந்திருக்கும்.
அதே ஓட்டத்தில் பிள்ளைமடுவத்துக்கு வந்து
தம்பிக்குப் பால் கொடுப்பாள்.
அவனும் அவசரமாய்த்தான் குடித்தான்.
புரையேறும். உச்சந்தலையில் தட்டி
"யாரோ நெனைக்கிறாங்கடா" என்பாள்.
நினைத்தது கணக்கப்பிள்ளை.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று
கிளினிக்கில் மிட்வைஃப் நோனா சொன்னபோது
அம்மா நிஜமாகவே யோசித்துவிட்டுக் கேட்டாள்:
"நூறு வரைக்கும் எதுக்கு நோனா?
அறுபதுல பேர வெட்டிருவாங்களே."

நான் சங்குக்கு ஏறியதில்லை.
எனக்கு மாசச் சம்பளம், குடை, கைப்பை, நாற்காலி.
ஆனாலும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் கிழமை
பருத்தித்துறை சாந்தரூபி மிஸ்
சோற்றில் குழி பறித்துப் பாற்கறி விட்டுக்கொண்டே கேட்டாள்:
"ஆர் உம்மைக் கலைக்கிறது?"
அன்றிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை
டப்பாவின் மூலையில் ஒளித்து வைப்பேன்.
அவள் கடைசிக் கவளத்தை உருட்டும்வரை
மூடியைத் திறப்பேன், மூடுவேன்,
தின்றுகொண்டிருப்பதுபோல் இருப்பேன்.

இடைவேளை மணி அடித்துவிட்டது.
ஓநாயை டஸ்டரால் அழித்தேன்.
கிஷோபன் அதற்குள் வாயைத் துடைத்துக்கொண்டு
மழையில் இறங்கி ஓடுகிறான். பந்து அவனிடம்தான்.

ஓய்வறையில் இன்று மறந்துபோய்
மூலைத் துண்டையும் தின்றுவிட்டேன்.
சாந்தரூபி என் காலி டப்பாவைப் பார்க்கிறாள்,
பார்க்காததுபோல் கேட்கிறாள்:
"சம்பலுக்குத் தேசிக்காய் விட்டனீரோ?"

நாக்கால் பல்லிடுக்கைத் தடவிப் பார்க்கிறேன்.
தெரியவில்லை.
காலையில் இடித்தது நான்தான்.